கல்விக்காக ஓடும் கால்கள்

மராத்தான் எனப்படும் நெடுந்தூர ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். கோலாலம்பூரில் ஆண்டுதோறும் நடைபெறும் மராத்தானில் பங்கேற்போர் விடியுமுன்னரே டத்தாரான் மெர்டேக்காவில் கூடிவிடுகின்றனர். அவர்கள் எல்லாரும் பதக்கத்திற்காகவோ உடல்நலத்திற்காகவோ மட்டும் ஓடுவதில்லை. அறநிறுவனங்களுக்கு நிதி திரட்ட ஓடுவோரும் உள்ளனர். இவ்வாறு திரட்டப்படும் நிதி, வசதி குறைந்த பிள்ளைகளின் கல்விக்கும் கைகொடுக்கிறது.

ஓடினால் பணம் எங்கிருந்து வரும்? ஓடுபவரின் உறவினர், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடமிருந்து வரும். “நீங்கள் ஓடி முடிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரிங்கிட் தருகிறேன்,” என்று ஒருவர் வாக்களித்தால், முழு ஓட்டத்தின் முடிவில் 42 ரிங்கிட் கிடைக்கும். 30 பேர் அவ்வாறு வாக்களித்தால் 1,260 ரிங்கிட் சேரும். சிறு துளி பெரு வெள்ளம் அன்றோ?

அரசுப் பள்ளியில் படிக்கக் கட்டணம் இல்லையே, பிறகு நிதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பேருந்துக் கட்டணம், காலணி, சீருடை, பயிற்சி நூல்கள், ஓய்வுநேர உணவு ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். மூன்று நான்கு பிள்ளைகள் படிக்கும் ஏழைக் குடும்பத்திற்கு இச்செலவு பெருஞ்சுமை. பேருந்துக்குப் பணமில்லாத நாளில் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுகிறது. அன்று விடுபட்ட பாடத்தால் மறுநாள் பாடமும் விளங்குவதில்லை. நாளடைவில் படிப்பில் பின்தங்கி, பள்ளியை விட்டே விலகும் நிலையும் ஏற்படுகிறது. இந்நிலையைத் தடுக்கவே அறநிறுவனங்கள் பாடுபடுகின்றன.

அப்படியானால், ஓடாமலேயே பணத்தைக் கொடுத்துவிடலாமே? கொடுக்கலாம், அதுவும் நற்செயலே. ஆனால், ஒருவர் பல மாதங்கள் அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்வதைப் பார்ப்பவர்கள், “எதற்காக இவ்வளவு பாடு?” என்று கேட்கின்றனர். அதற்கு அவர் சொல்லும் விடை மற்றவர்களையும் கொடுக்கத் தூண்டுகிறது. இலண்டன் மராத்தான் இதற்குச் சிறந்த சான்று. 1981ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இவ்வோட்டத்தில், 2024ஆம் ஆண்டு 50,000க்கும் மேற்பட்டோர் ஓடினர். பல்வேறு அறப்பணிகளுக்காகத் திரண்ட தொகை 70 மில்லியன் பவுண்டைத் தாண்டியது.

ஓடுபவருக்கும் இதனால் பயன் உண்டு. ஏறக்குறைய 30 கிலோமீட்டரைக் கடந்ததும், உடலில் சேமித்து வைக்கப்பட்ட சர்க்கரைச் சத்து குறைந்துவிடும்; கால்கள் கனக்கும்; நின்றுவிடலாம் என்று தோன்றும். அவ்வேளையில், தம்மை நம்பி இருக்கும் பிள்ளைகளின் நினைவு அவருக்கு ஊக்கமளிக்கும்.

நிதி திரட்டுவோருக்குப் பொறுப்பும் உண்டு. முறையாகப் பதிவு பெற்று, வரவு செலவுக் கணக்கை வெளியிடும் நிறுவனத்தையே அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு தொகை திரண்டது, அது யாருக்குப் பயன்பட்டது என்பதையும் கொடுத்தவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருமுறை நம்பிக்கை இழந்தவர் மறுமுறை கொடுக்கத் தயங்குவார். அதனால் பாதிக்கப்படுவது உதவியை எதிர்பார்த்திருக்கும் பிள்ளையே.

மாணவர்களே, முழு மராத்தான் பெரியவர்களுக்கு உரியது. எனினும், பள்ளியில் நடைபெறும் நிதி திரட்டும் ஓட்டத்தில் நீங்களும் பங்கேற்கலாம். திடலை எத்தனை முறை சுற்றி வருவீர்கள் என்று சொல்லி ஆதரவு கேட்கலாம். “எதற்காக ஓடுகிறாய்?” என்று யாரேனும் கேட்டால், தெளிவாக விடை சொல்ல ஆயத்தமாக இருங்கள். அந்த விடை ஒரு பிள்ளையைப் பள்ளியில் நிலைத்திருக்கச் செய்யலாம்.