நிழல் தானே இறங்கும், தேங்கியதை நீங்கள் எடுங்கள்

சிட்னியில் கிரவீன், பெண்டில் ஹில் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் இரண்டு வகைப் பொம்மைகள் உண்டு. ஊரிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்த கொலுப் பொம்மைகள் ஒருபுறம். பிள்ளைகள் தாமே ஒட்டி வர்ணம் தீட்டும் விரலளவு வார்ஹாமர் விளையாட்டு வீரர்கள் மறுபுறம். இரண்டுக்கும் களை தருவது நிழல்தான். அதற்காக வாஷும் இங்க்கும் வாங்கிவைத்துப் புதிதாக உட்காருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

1. வாஷுக்கும் இங்க்குக்கும் உள்ள வித்தியாசம் முதலில் தெரியட்டும். வாஷ் என்பது தண்ணீர் போல ஓடும் நீர்த்த பெயின்ட். மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் போய்ச் சேரும். இங்க் நிறம் செறிந்தது. காய்ந்தபின் பெரும்பாலும் பளபளக்கும். நிழலுக்கு வாஷ், நிறத்துக்கு அழுத்தம் கொடுக்க இங்க். தொடங்குகிறவருக்கு அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்ற பழுப்பும் நுல்ன் ஆயில் என்ற கறுப்பும் போதும். 2012இல் சிட்டாடெல் என்ற பெயின்ட் பிராண்ட் கொண்டுவந்த வரிசையில் இன்றும் அதிகம் புழங்குபவை இவை. நிறத்தையும் நிழலையும் ஒரே பூச்சில் தரும் கான்ட்ராஸ்ட் பெயின்ட் 2019இல் வந்தது. கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

2. பொம்மை எதனால் ஆனது என்று பாருங்கள். பழைய மண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மைகளின் பூச்சு தண்ணீர் பட்டால் கரையக்கூடும். ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால், முதலில் வார்னிஷ் ஸ்ப்ரே. அது காய்ந்தபின்தான் வாஷ். மரப்பாச்சியில் கை வைக்காதீர்கள். மரத்தின் நிறமே அதற்கு அலங்காரம்.

3. வாஷ் எதையும் ஒரு படி கருக்கவைக்கும். ஆகவே அடிவண்ணத்தை நீங்கள் நினைத்த நிறத்தைவிடச் சற்று வெளிறலாகப் பூசுங்கள். அது முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த வேலை.

4. பொம்மையை முழுதாக நனைக்காதீர்கள். செட்டியார் பொம்மையின் வேட்டி மடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷை வாஷில் தொட்டு, டிஷ்யூவில் ஒரு முறை ஒற்றி, மடிப்பின் மேல்முனையில் நுனியை வையுங்கள். நீர் தானே கோடு பிடித்து இறங்கும். வேட்டிக் கரையில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். சுத்தமான, லேசாக ஈரமுள்ள இன்னொரு பிரஷின் நுனியை அதில் வைத்தால் மயிரே உறிஞ்சிக்கொள்ளும். வாஷ் வேலையில் பாதி வைப்பது, மீதி எடுப்பது.

5. சமதளத்தில் தேங்கவிட்டால் வளையம் விழும். மேஜையில் சிந்திய காபி காயும்போது ஓரம் மட்டும் கருத்துப்போவது இதே காரணத்தால்தான். ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுசெய்ய உள்ளிருந்து ஓடிவரும் நீர் நிறத் துகள்களையும் இழுத்துவருகிறது. 1997இல் நேச்சர் இதழில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். வளையம் விழாமலிருக்க வாஷை நீர்க்கவைப்பதற்கென்றே விற்கும் மீடியத்தைக் கொஞ்சம் கலக்குங்கள். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடவே தொடாதீர்கள், திட்டுத்திட்டாகப் பெயர்ந்துவரும்.

6. எல்லாவற்றுக்கும் கறுப்பு வேண்டாம்; அழுக்குப் படிந்தது போலிருக்கும். வெள்ளை வேட்டிக்கு நீலம் கலந்த சாம்பல், மஞ்சளுக்கும் தங்க நகைக்கும் பழுப்பு, சிவப்புப் பட்டுக்கு அடர் ஊதா. இரும்புக் கவசத்துக்குக் கறுப்பு பொருந்தும். நம்மவர் முகத்துக்கு மாநிற அடிவண்ணம், அதன்மேல் அடர் பழுப்பு வாஷ்.

7. எழுதும் பேனா மையைப் பொம்மைக்கு ஊற்றாதீர்கள். அதில் பெரும்பாலும் சாயம்தான் இருக்கிறது; சிட்னி வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் வெளுத்துவிடும். நிறமித்துகள் கொண்ட அக்ரிலிக் இங்க் வாங்குங்கள். காய்ந்தபின் தண்ணீருக்கும் அது கரையாது.

8. வெயில் எப்படி என்று பார்த்து உட்காருங்கள். நமக்கு மேற்கே பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் அடிப்பூச்சான பிரைமர் ஸ்ப்ரே பொம்மையைத் தொடுமுன்பே காற்றில் காய்ந்து, மேலே மணல் போலச் சொரசொரப்பாகப் படியும். வாஷும் ஓட நேரமின்றி நின்றுவிடும். கோடையில் காலை வேளைதான் நல்லது.

9. நிழலோடு நிறுத்தாதீர்கள். வாஷ் காய்ந்ததும் மூக்கு நுனி, கன்னமேடு, மடிப்பின் முகடு ஆகியவற்றில் பழைய அடிவண்ணத்தையே மெல்லத் திரும்ப இடுங்கள். முகம் அப்போதுதான் துலங்கும். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்தால் இங்க்கின் மினுக்கு அடங்கும்.

10. பிரஷ் கழுவிய நீரைத் தெரு வடிகாலில் கொட்டாதீர்கள். அந்த வடிகால்கள் டூங்காபி ஓடை வழியே பரமட்டா ஆற்றுக்குப் போகின்றன. குவளையைத் தெளியவைத்து, அடியில் படிந்த வண்டலை டிஷ்யூவில் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

நவராத்திரி இங்கே வசந்தத்தில் வருகிறது. வேலைக்கு ஏற்ற காலமும் அதுதான். கொலுப் படிக்கட்டு முழுவதையும் இந்த ஆண்டே புதுப்பித்துவிட நினைக்க வேண்டாம். ஒரு பொம்மையை எடுங்கள், வார்னிஷ் வரை முடியுங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.