கடைக் கம்ப்யூட்டர் திடீரென நின்றால்: மதர்போர்டின் நோயறியும் பாடம்



கடைக்கணக்கை ஏட்டில் எழுதிய காலம் போய், பற்றும் வரவும் சரக்கிருப்பும் இன்று கம்ப்யூட்டருக்குள் அடங்கிவிட்டன. அது நின்றால் கல்லாவும் நின்றுவிடும். ஆகவே அதற்கு வரும் நோய்களுள் ஒன்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

முதலில் நமது தவற்றையே சொல்லிவிடுகிறோம். 2009-ஆம் ஆண்டு, பெருநாள் வியாபாரம் மும்முரமாயிருந்த சமயம். நம் கடைக் கம்ப்யூட்டர் நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை தானே அணைந்து தானே எழும்பியது. காலையில் முடுக்கினால் உடனே எழும்பாது. நாலைந்து முறை முயன்றபின்தான் எழும்பும். பிளக்கைக் காலால் தட்டிவிடுகிறான் என்று கல்லாப் பையனைக் கடிந்துகொண்டோம். "நான் தொடவே இல்லை, முதலாளி" என்று அவன் சொன்னது நம் காதில் ஏறவில்லை. பிறகு மெமரியை மாற்றினோம். விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். பணம் போனதே தவிரப் பலன் இல்லை. கடைசியில் ரிப்பேர்க்காரர் பெட்டியைத் திறந்ததும் விரலை நீட்டிக் காட்டினார். மதர்போர்டில் நான்கு கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன!

கெப்பாசிட்டர் என்பது யாது? பவர் சப்ளை மதர்போர்டுக்கு 12 வோல்ட் அனுப்புகிறது. பிராசசருக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1 வோல்ட்தான். அப்படிக் குறைக்கும்போது மின்சாரம் ஏறி இறங்கும். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மாடித்தொட்டி சீராகக் கொடுப்பதுபோல, கெப்பாசிட்டர் அதைச் சமன் செய்கிறது. அதனுள் அலுமினியத் தகடும் திரவம் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. திரவம் வற்றினாலோ கெட்டாலோ, வேலை கூடும் கணத்தில் வோல்ட் சரியும்; கம்ப்யூட்டரும் விழும்.

சுமார் 1999 முதல் 2007 வரை விற்பனையான பல கெப்பாசிட்டர்களில் திரவக் கலவையே குறையுள்ளதாயிருந்தது. அதிலிருந்த நீர் அலுமினியத்தைத் தாக்கி ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்க, அவை வீங்கி வெடித்தன.

நல்ல சரக்குக்கும் ஆயுள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் கெப்பாசிட்டர், சூடு 10 டிகிரி குறையும்தோறும் இரு மடங்கு உழைக்கும் என்பது பொதுவிதி. 65 டிகிரியில் 32,000 மணி நேரம். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஏழு ஆண்டுகளுக்குச் சற்று மேல். தூசி அடைத்துச் சூடு 75 டிகிரியானால் ஆயுள் அதில் பாதிதான். விசிறியைத் துடைக்காத சோம்பலுக்கு எவ்வளவு நஷ்டம் பாருங்கள்!

இனி, சோதிக்கும் முறை:

1. வேறெதுவும் செய்யுமுன் கணக்கையெல்லாம் வெளியே நகல் எடுத்து வையுங்கள்.

2. எந்த நேரத்தில், எந்த வேலையின்போது விழுகிறதென்று குறித்து வாருங்கள். விண்டோஸ் பதிவில் 'கெர்னல் பவர் 41' என்றிருந்தால், முறைப்படி மூடாமல் நின்றது என்றே பொருள். காரணத்தை அது சொல்லாது.

3. பிளக்கை இறுக்கித் தூசியை நீக்குங்கள். தேதியும் நேரமும் மாறிப்போனால் சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள், செலவு சொற்பமே.

4. இரவில் 'மெம்டெஸ்ட்86' ஓட்டி மெமரியைச் சோதியுங்கள்.

5. நன்றாயிருக்கும் வேறு பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். மீட்டரில் 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நிற்கவேண்டும்.

6. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்துப் பிராசசரைச் சுற்றிப் பாருங்கள். கெப்பாசிட்டரின் தலை தட்டையாயிருந்தால் நலம். வீக்கமோ, பழுப்புக் கசிவோ இருந்தால் நோய் அங்கேதான். புதிய போர்டுகளில் உள்ள திடவகைக் கெப்பாசிட்டர் கெட்டாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மற்ற யாவும் சரியாயிருந்தும் கோளாறு தீராவிட்டால் போர்டையே சந்தேகிக்கவேண்டும்.

எச்சரிக்கை! பவர் சப்ளைப் பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் அதனுள் தங்கியிருக்கக்கூடும்.

கெட்ட கெப்பாசிட்டரை மாற்றுவது கைதேர்ந்தவர் வேலை. அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி ரகம் என்று கேட்டு வாங்குங்கள். பழைய போர்டானால், கூலியையும் புதுப்பெட்டியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்தப் பையனிடம் நாம் அன்றே வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். ஆனால் வாடிக்கையாளர் முன்னிலையில் திட்டிய சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. தராசைச் சோதிக்காமல் எடைபோட்டவனைக் குறைசொல்வது வணிகனுக்கு அழகன்று. முதலில் சோதிப்போம், பிறகு பேசுவோம்.