கண்ணாடிச் சிறையில் அணுக்கழிவு



1984ஆம் ஆண்டில் கல்பாக்கம் அணுமின் நிலையம் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நாம் அந்த மின்சாரத்தில் பங்கு பெற்றவர்கள். ஆகவே அதன் கழிவைப் பற்றி அறிவதும் நம் கடமையன்றோ?

பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தபின், கடுமையான கதிரியக்கமுள்ள திரவம் எஞ்சுகிறது. அதிலுள்ள சீசியம் 137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் ஆகும். அதுவரை அது தண்ணீரில் கலக்கலாகாது. ஆகவே இத்தகைய கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலன்களில் ஊற்றி மூடுகிறார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

கடலை மிட்டாய்க்குக் காய்ச்சிய பாகு விரைவில் ஆறிக் கண்ணாடிபோல் இறுகுவதை நாம் பார்த்திருக்கிறோம். சர்க்கரைப் பாகையே நாள்கணக்கில் அசையாது விட்டால், நூலில் கற்கண்டு விளைகிறது. கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அதுவே படிகம். கண்ணாடியில் அந்த ஒழுங்கு இல்லை. அதனால்தான் கழிவிலுள்ள பலவகைத் தனிமங்களுக்கும் அதில் இடம் கிடைக்கிறது.

கலனில் ஊற்றிய கண்ணாடியின் வெளிப்புறம் சீக்கிரம் ஆறும்; நடுப்பகுதி மெதுவாகவே ஆறும். அந்த நடுப்பகுதியில் படிகங்கள் தோன்றக்கூடும். எல்லாப் படிகமும் தீங்கானதா? இல்லை. இரும்பும் குரோமியமும் சேர்ந்த ஸ்பைனல் படிகம் கண்ணாடியின் உறுதியை அதிகம் குறைப்பதில்லை. ஆனால் உலையின் அடியில் படிந்து தொல்லை தரும். நெஃபலின் என்னும் படிகமோ சோடியத்துடன் அலுமினியத்தையும் சிலிக்கானையும் இழுத்துக்கொள்கிறது. கண்ணாடியைத் தண்ணீர் கரைக்காமல் காப்பவை இவ்விரண்டுமே. அவற்றை இழந்த மிச்சக் கண்ணாடி எளிதில் கரைகிறது. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் உள்ள கழிவில் சோடியமும் அலுமினியமும் மிகுதி. ஆதலால் அங்கே இது பெருங்கவலை.

இதற்காக விஞ்ஞானிகள் மாதிரிக் கண்ணாடியைக் கலனின் நடுப்பகுதி ஆறும் வேகத்திலேயே ஆறவைக்கிறார்கள். பின்பு அதைப் பொடியாக்கி, 90 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 7 நாள்கள் வைத்து, எவ்வளவு கரைந்தது என்று அளக்கிறார்கள். அதிகம் கரைந்தால் கலவையை மாற்றுகிறார்கள்.

நாம் இன்று பெறும் வெளிச்சத்துக்கு, 300 ஆண்டுகளுக்குப்பின் கிணற்றில் நீர் இறைக்கும் ஒரு சிறுமி விலை கொடுக்கலாகாது. அதற்கு இந்தப் பொறுமையான சோதனைகள் இன்றியமையாதவை.

— பத்தாம் வகுப்பு மாணவி