விரலால் ஓடும் ஓட்டம்

ஜப்பானியக் கொனாமி நிறுவனத்தார் 1983-இல் வெளியிட்ட ‘டிராக் அண்டு ஃபீல்டு’ என்னும் வீடியோ விளையாட்டு, காசிட்டு ஆடும் பெட்டியொன்றனுள் ஆறு போட்டிகளை அடக்கியது. ஓடுதற்கு இரு பொத்தான்களை விரைந்து தட்டல் வேண்டும். தாண்டவும் எறியவும் மற்றொரு பொத்தான். கற்றற்கு ஒரு நிமிடம் போதும். விரல் சோர்தற்கும் அவ்வளவே!

நூறு மீட்டர் ஓட்டம் வெறுந்தட்டலே. ஈட்டியெறிதலோ அன்னதன்று; கோட்டை மிதிக்குமுன் கோணமறிந்து விடுதல் வேண்டும். அதுவே இதன் சிறந்த பகுதி.

வத்திராயிருப்புப் பக்கத்தில் பொங்கற்காலச் சாக்கோட்டத்தைக் கால்வலுவற்ற சிறுவன் ஓரத்தே நின்று காண்பான். ஈண்டு அவனும் முந்துதல் கூடும். ஆகலின், இதனை வீண்பொழுதென்று இகழ்வார் கூற்றை யான் ஏற்கிலேன். ஆயினும், முதலோட்டத்தில் தகுதியளவை எட்டாதவனை இப்பெட்டி அப்போதே நீக்கிவிடும். இட்ட காசிற்கு ஓர் ஈட்டியேனும் எறியவிடலாகாதோ?