லட்சத்தில் ஒருத்தருக்கு வரும் நோயா?

“அரிய நோய் என்றால் லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது. அதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கினால் சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் யார் கொடுப்பது?”

படித்தவர்களே கேட்கும் கேள்விதான். டுஷென் தசைச்சிதைவு என்ற நோயை எடுத்துக்கொள்வோம். பிறக்கும் ஆண் குழந்தைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரை அது பிடிக்கிறது. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. குறைத்துக் கணக்குப் போட்டாலும் வருஷத்துக்கு 2,400 பையன்கள்.

இந்நோய் உள்ள பையனுக்கு மூன்று, நான்கு வயதில் கெண்டைக்கால் உருண்டு திரண்டிருக்கும். “நல்ல கால் வாகு” என்று உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். அது பலமில்லை, நலிந்த தசையின் இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்த வீக்கம். டாக்டர் அவனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்வார். குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, அப்புறம் தொடையைப் பிடித்துத் தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவன் மாதிரி நிமிர்வான். பன்னிரண்டு வயதை ஒட்டிச் சக்கர நாற்காலி. அதற்கப்புறம் மூச்சும் இதயமும்.

ஆராய்ச்சிப் பணம் ஆள் கணக்கைப் பார்த்துத்தான் போகிறது என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோய் உள்ளவர்கள் 2018 வாக்கில் சுமார் 30,000 பேர். அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் சுமார் ஒரு லட்சம், பெரும்பாலும் கறுப்பினத்தவர். 2008 முதல் 2018 வரையிலான கணக்கைப் பார்த்த ஒரு ஆய்வின்படி, முதல் நோய்க்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 2,800 டாலர் அளவில் அரசு ஆராய்ச்சி நிதி கிடைத்தது; இரண்டாவதற்கு 800 சொச்சம். தனியார் அறக்கட்டளைப் பணம் ஒரு பக்கம் 7,600 டாலருக்கு மேல், மறுபக்கம் நூறு சொச்சம். மூன்று மடங்கு ஆட்கள் இருந்த பக்கம்தான் தட்டு காலி.

நமக்கும் அதே அரிவாள் செல் நோய் உண்டு. இந்தியாவில் அது முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். இடைப்பட்ட எழுபத்தோரு ஆண்டுக்கு யார் கணக்குச் சொல்வது?

“சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்.”

இது நம் ஊரிலும் கர்நாடகத்திலும் சட்டென்று வரும் தீர்ப்பு. அக்காள் மகளைக் கட்டுகிற வழக்கம் சில மரபு நோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. டுஷென் அந்த வகை இல்லை. அது எக்ஸ் குரோமோசோமில் வரும் பிழை. மாப்பிள்ளை உறவா, அசலா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுமார் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடம் அந்தப் பிழையே இருக்காது, புதிதாக முளைத்திருக்கும். ஆனாலும் பழி அவள் தலையில்தான். குடும்பத்தின் குற்றம் என்று முடிவுகட்டிவிட்டால் அரசு பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற வசதி அதில் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

“அரசுதான் 50 லட்சம் தருகிறதே!”

தருகிறது. 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது, 2022இல் உச்சவரம்பு 50 லட்சமானது. பெங்களூரில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று. ஆனால் அது சிகிச்சைப் பணம், ஆராய்ச்சிப் பணம் இல்லை. சிகிச்சைக்கே எத்தனை நாள் வரும்? காச்சர், பொம்பே போன்ற நோய்களுக்கு ஏற்றும் நொதி மருந்து எடைக்கு இத்தனை என்று அளந்து கொடுப்பது, ஆயுள் முழுக்க. பிள்ளை வளர வளர பில்லும் வளரும். 50 லட்சம் வளராது.

“வெளிநாட்டில் கண்டுபிடிக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம்.”

டுஷென்னுக்கு 2016இல் அமெரிக்கா அனுமதித்த எடெப்லிர்சென் மருந்து, குறிப்பிட்ட மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு மட்டும். நோயாளிகளில் சுமார் 13 சதவீதம். விலை ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர். இங்கேயே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு நோய் சாட்சி. டைரோசினீமியாவுக்கான நிடிசினோன், இறக்குமதியில் ஆண்டுக்கு 2.2 கோடி ரூபாய் வரை ஆனது. இந்தியத் தயாரிப்பு வந்ததும் சுமார் 2.5 லட்சம் என்று 2023 நவம்பரில் மத்திய அரசே அறிவித்தது.

டுஷென்னுக்கு அந்த வேலையைப் பெங்களூரில் கையில் எடுத்தது ‘டார்ட்’ என்ற அறக்கட்டளை. இந்நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து உருவாக்கியது. ஜோத்பூர் ஐ.ஐ.டி., அங்குள்ள எய்ம்ஸ் ஆகியவற்றுடன் சேர்ந்து, எடெப்லிர்சென் வகையிலேயே மருந்து உருவாக்கி, நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் வாங்கினார்கள். பெரிய செலவே அதற்குப் பிறகுதான்: மருந்து தயாரிப்பு, மாதக்கணக்கில் ஊசி, ஒவ்வொரு பையனுக்கும் தொடர் பரிசோதனை. இதே பெங்களூரில் முதுமையில் மூளை நலிவதை ஆராய ஐ.ஐ.எஸ்.சி.க்கு ஒரு தொழிலதிபரின் அறக்கட்டளை 225 கோடி ரூபாய் தந்தது. தந்தது நல்லதுதான். ஆனால் ஒரு நோய்க்குக் கொடையாளர் அமைவதும் அமையாததும் யோகம் என்று விட்டுவிட முடியாது. சோதனைக் கட்டத்தின் செலவைப் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு, பிறகு அமெரிக்க மருந்தின் விலையைப் பார்த்து அரசு கையை விரிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.