தலைக்கு மேலே பறக்கும் யந்திரம்: ட்ரோனைப் பற்றி ஒரு பாடம்

கல்யாண வீட்டிலும் தேர்த் திருவிழாவிலும் மேலே பறந்து படம் பிடிக்கிற ட்ரோனை நம்ம பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்கள் அநேகம். ஆனால் அதே யந்திரம் இன்று பல நாடுகளில் பயிருக்கு மருந்து அடிக்கிறது, ஆஸ்பத்திரிக்கு இரத்தம் கொண்டு போகிறது. மருந்து டாங்கியை முதுகில் சுமந்து மலை ஏறுகிற குடும்பங்கள் நாம். ஆகவே இதைப் பற்றி நாலு விஷயம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எங்கிருந்து வந்தது?

ஆள் ஏறாமல் ஆகாயத்தில் பொருள் அனுப்பும் யோசனை முதலில் யுத்தத்துக்காகவே வந்தது. 1849இல் ஆஸ்திரியப் படையினர் வெனிஸ் நகரத்தின் மேல் குண்டு கட்டிய பலூன்களைப் பறக்க விட்டார்கள். 1935இல் பிரித்தானியா, பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்காக ரேடியோ மூலம் ஓட்டும் விமானம் ஒன்றைச் செய்தது. அதற்கு "குயின் பீ", அதாவது ராணித் தேனீ என்று பெயர். ட்ரோன் என்றால் ஆங்கிலத்தில் ஆண் தேனீ. அந்த விமானத்தை ஒட்டியே இந்தப் பெயர் வழக்கத்துக்கு வந்தது என்று சொல்லுவார்கள்.

வயலுக்கு வந்த கதை

விவசாயத்துக்கு இதை முதலில் நன்றாகப் பயன்படுத்திய நாடு ஜப்பான். அங்கே நெல் வயலுக்குப் பெரிய ஹெலிகொப்டரில் ஆள் ஏறி மருந்து தெளித்தார்கள். வயலும் வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் அது கஷ்டமாக இருந்தது. இளைஞர்கள் பட்டணம் போய்விட, வயலில் வயதானவர்களே மிஞ்சினார்கள். இதனால் விவசாய அமைச்சைச் சார்ந்த ஒரு சங்கம் கேட்டுக்கொண்டபடி, மோட்டார் சைக்கிள் செய்கிற யமஹா கம்பனி 1983இல் ஆளில்லாத சிறிய ஹெலிகொப்டர் செய்யும் வேலையைத் தொடங்கியது. 1987இல் ஆர்-50 என்ற யந்திரம் வந்தது. அது 20 கிலோ சுமந்தது. 1997இல் அதைவிடத் திறமான ஆர்மேக்ஸ் வந்தது. இவற்றை ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்தார்கள்.

பிறகு பற்றரியில் ஓடும் சிறிய ட்ரோன்கள் வந்தன. 2015இல் சீனாவின் டிஜேஐ கம்பனி 10 கிலோ மருந்து சுமக்கும் ட்ரோனை அறிமுகப்படுத்தியது. அதற்குப் பின் பல நாடுகளில் இது பரவிவிட்டது.

எப்படிப் பறக்கிறது?

நாலு, ஆறு அல்லது எட்டு விசிறிகள் இருக்கும். பாதி விசிறிகள் ஒரு பக்கமாகவும் மற்றப் பாதி எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் யந்திரமே பம்பரம் போல் சுழன்றுவிடும். பின்பக்க விசிறி வேகமாகச் சுற்றினால் ட்ரோன் முன்னுக்குச் சரிந்து முன்னே போகும். உள்ளே இருக்கும் சிறு கம்பியூட்டர் சரிவைப் பார்த்துச் சமநிலைப்படுத்தும். செய்மதி மூலம் தான் இருக்கும் இடத்தையும் அறிந்துகொள்ளும். இவ்வளவு இருந்தும், கீழே நிற்கிற ஒரு ஆள்தான் அதற்குப் பொறுப்பு.

உயிர் காக்கும் வேலை

மலைநாடான ருவாண்டாவில் 2016 ஒக்டோபரில் சிப்லைன் என்ற கம்பனி தூர இடத்து ஆஸ்பத்திரிகளுக்கு ட்ரோனில் இரத்தம் அனுப்பத் தொடங்கியது. பிள்ளைப்பேற்றில் இரத்தம் போகிற தாய்க்கு ஒவ்வொரு நிமிஷமும் பெரிது. மலைப் பாதையில் வாகனம் சுற்றி வரும் நேரம் எவ்வளவு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் ஏன் வேண்டும்?

2015 ஏப்ரலில் ஜப்பான் பிரதமரின் அலுவலகக் கூரையில் ஒரு ட்ரோன் கிடந்தது. அதே வருஷம் டிசம்பரில் புதிய விதிகள் அமுலுக்கு வந்தன. விமான நிலையத்துக்கு அருகிலும், நெருக்கமான குடியிருப்புக்கு மேலும், 150 மீற்றருக்கு மேலும் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. மருந்து தெளிப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். 2018 டிசம்பரில் லண்டன் கெட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டதாகத் தகவல் வந்து, சுமார் 1 இலட்சத்து 40 ஆயிரம் பயணிகளின் பயணம் குழம்பியது.

நம் நாட்டில் விதிகளை வகுப்பதும் அனுமதி வழங்குவதும் சிவில் விமான சேவைகள் அதிகார சபை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் ஏப்ரல் 25ஆம் திகதி ட்ரோன் பறப்பதை அது முழுதாக நிறுத்தி வைத்தது. வெளிநாட்டில் வேலை செய்கிற சொந்தக்காரர் பிள்ளைக்கு ட்ரோன் அனுப்புவதாகச் சொன்னாலும், முதலில் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருந்து அடிக்கும்போது கவனம்

ட்ரோன் வந்தால் முதுகுப் பாரம் குறையும், மருந்துப் புகார் மேலே படுவதும் குறையும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ட்ரோன் குறைந்த தண்ணீரைத்தான் சுமக்கும். ஜப்பானில் ஒரு ஹெக்டயர் வயலுக்கு 8 லீட்டர்தான் தெளிப்பது வழக்கம். ஆகவே அந்த மருந்து நாம் டாங்கியில் கலக்குவதைவிட மிகவும் கெட்டியாக இருக்கும். காற்று அடித்தால் தூரமும் போகும். இந்தப் பயத்தினால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் ஆகாயத்திலிருந்து மருந்து தெளிப்பதைப் பொதுவாகத் தடை செய்து, விசேஷ காரணம் இருந்தால் மட்டும் அனுமதித்தது.

எந்த இடத்தில் ட்ரோன் மூலம் மருந்து அடித்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

1. எந்த மலையில், என்ன மருந்து, எத்தனை நாளைக்குப் பிறகு உள்ளே போகலாம் என்று பிரட்டிலேயே கேளுங்கள். கேட்பது குற்றம் இல்லை.

2. லயத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் பீலிக்கும் பக்கத்தில் அடிப்பதாக இருந்தால், தலைவர் மூலம் முன்கூட்டியே பேசுங்கள். தண்ணீர்ப் பாத்திரங்களை மூடி வையுங்கள். அந்த மலையில் மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டாம்.

3. மருந்து கலக்குகிறவர் கையுறையும் முகமூடியும் இல்லாமல் கலக்கக்கூடாது. மேலில் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தலைசுற்றல், வாந்தி வந்தால் போத்தல் லேபலோடு டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

4. விழுந்து கிடக்கும் ட்ரோனைப் பிள்ளைகள் தொடக்கூடாது. விசிறி கையை வெட்டும், அடிபட்ட பற்றரி தீப்பிடிக்கும்.

5. டாங்கி தூக்குகிற ஆளுக்கு அந்த நாள் என்ன வேலை, என்ன சம்பளம் என்பதை யந்திரம் வருமுன்பே பேச வேண்டும். ஓட்டுவதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் நம்ம தோட்டத்துப் பிள்ளையாக இருக்கக்கூடாது? சாதாரண தரம் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கிடைக்குமா என்று விசாரிப்பது பெற்றோர், தலைவர்மார் எல்லோருடைய பொறுப்பு.

பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்

அ. விசிறிகள் எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் என்ன நடக்கும்?
ஆ. ட்ரோன் தெளிக்கும் மருந்து ஏன் கெட்டியாக இருக்கிறது?
இ. நம் நாட்டில் ட்ரோனுக்கு அனுமதி கொடுப்பது யார்?