படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள 20 குறிப்புகள்: நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சியிலிருந்து வீட்டுக்கு

பக்கவாதம் வந்தவரையும் இடுப்பெலும்பு முறிந்தவரையும் ஆஸ்பத்திரியில் சில நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டாரோ, சம்பளத்துக்கு வைத்த உதவியாளரோதான். நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சியில் ஆரம்பத்தில் சொல்லித்தரும் பாடங்கள் இருவருக்கும் பொருந்தும். தூக்கவும் துடைக்கவும் தெம்பு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த வேலையில் பாதிக்கு மேல் கவனிப்பதும், குறித்துவைப்பதும், உரியவரிடம் உடனே சொல்வதும்தான். டாக்டர் சில நிமிடம் பார்ப்பார். நாள் முழுக்கப் பார்ப்பவர் நீங்கள்.

1. கை கழுவுவதில் தொடங்குங்கள். சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கட்டைவிரல், நகக்கண், விரலிடுக்கு, புறங்கை ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். நோயாளியைத் தொடுமுன், புண்ணையோ குழாயையோ தொடுமுன், மலம் சிறுநீர் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவர் கட்டிலையும் பொருட்களையும் தொட்டபின் என ஐந்து நேரங்களில் கழுவ வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் கழற்றியதும் கழுவுங்கள். கையில் அழுக்குத் தெரிந்தால் சானிடைசர் போதாது.

2. தொடுவதற்கு முன் சொல்லுங்கள். "அப்பா, இப்ப வலது பக்கமா திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பினால் அவர் பயப்பட மாட்டார், முடிந்த அளவு ஒத்துழைப்பார். நினைவில்லாதவருக்கும் காது கேட்கலாம்; அவர் தலைமாட்டில் நின்று செலவுக் கணக்கும் சொத்துப் பேச்சும் வேண்டாம். உடம்பு துடைக்கும்போது கதவைச் சாத்துங்கள். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதைப் போர்வையால் மூடுங்கள்.

3. ஒரு நோட்டுப் போடுங்கள். நேரம், காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், குடித்தது, சாப்பிட்டது, சிறுநீர், மலம், எந்தப் பக்கம் படுக்கவைத்தது என்று கட்டம் கட்டி எழுதுங்கள். வீட்டு டம்ளர் எத்தனை மி.லி. பிடிக்கும் என்று ஒருமுறை அளந்துவிட்டால் பிறகு டம்ளர் கணக்கே போதும். "யூரின் கொஞ்சமாதான் போறார்" என்பதைவிட "காலை 6 மணியிலிருந்து 150 மி.லி. போயிருக்கார்" என்று சொன்னால்தான் டாக்டரால் முடிவெடுக்க முடியும்.

4. இயல்பான அளவுகள் மனப்பாடமாகட்டும். பெரியவர்களுக்கு ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100. மூச்சு 12 முதல் 20. உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி. 100.4-ஐத் தொட்டால் காய்ச்சல். அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும் என்பதால் எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்.

5. பி.பி. பார்க்கும் முன் 5 நிமிடம் அமைதியாக இருக்கட்டும். காபி, டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழியட்டும். உட்கார முடிந்தவர் காலை மடித்துப்போடாமல் பாதம் தரையில் பட உட்கார வேண்டும். படுத்திருப்பவருக்குக் கையைத் தலையணைமீது வைத்து இதயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சட்டைக்கு மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கையில் பி.பி. பார்க்கவே கூடாது.

6. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நகப்பூச்சிலும் சில்லிட்ட விரலிலும் தப்பாகக் காட்டும். பூச்சை அழித்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்தபின் குறியுங்கள். பொதுவாக 95-க்கு மேல் இருக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

7. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். 6 மணிக்கு இடப்பக்கம், 8 மணிக்கு மல்லாக்க, 10 மணிக்கு வலப்பக்கம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முழுக்க ஒருக்களித்தால் உடம்பின் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மல்லாந்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி. ஏர் பெட் வாங்கிவிட்டதால் புரட்டுவதை நிறுத்திவிடக் கூடாது.

8. தினமும் ஒருமுறை உடம்பு முழுக்கப் பாருங்கள். வாலெலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களில்தான் படுக்கைப் புண் வரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. கருநீலத் திட்டு, சூடு, கெட்டித்தன்மை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவது பலர் செய்யும் தவறு. உள்ளே நைந்த சதை மேலும் நைந்துபோகும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். சுற்றிலும் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் குறையும்.

9. மேலே நகர்த்தும்போது இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் மெத்தையோடு உராய்ந்து கிழியும். தோள் முதல் தொடை வரை அகலமுள்ள ஒரு தடித்த துணியை அடியில் எப்போதும் விரித்துவையுங்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று துணியோடு தூக்கி நகர்த்தலாம். விரிப்பில் சுருக்கமோ சோற்றுப் பருக்கையோ இருக்கக் கூடாது.

10. உங்கள் முதுகையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள், காலை அகட்டி ஆளை ஒட்டி நில்லுங்கள். படுத்திருந்தவரைச் சட்டென்று எழுப்பினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் உட்காரவையுங்கள். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, பாதப்பலகையை மடக்கிவிட்டு, அவருடைய வலுவான பக்கத்தில் வையுங்கள். பக்கவாதம் பாதித்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும்.

11. சட்டை போடும்போது செயலிழந்த கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். முன்பக்கம் திறக்கும் சட்டை, நைட்டி என்றால் வேலை பாதியாகும்.

12. படுக்கையில் உடம்பு துடைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முகம், கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு. அந்தரங்க உறுப்புகள் கடைசியில், புதுத் தண்ணீரும் வேறு துணியுமாக. கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு முனையால், சோப்பில்லாமல் துடையுங்கள். தண்ணீரின் சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டாலும் தெரியாது. மார்பகத்துக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள்.

13. சாப்பிடாதவருக்கும் வாய் சுத்தம் வேண்டும். வாயில் பெருகும் கிருமி நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரலாம். நினைவில்லாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரப் பஞ்சால் துடைத்து எடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள்.

14. படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்க, சிறு கரண்டியால், முந்தைய வாய் விழுங்கியபின் அடுத்த வாய். பக்கவாதம் என்றால் நல்ல பக்கத்தில் உணவை வையுங்கள். முடங்கிய பக்கக் கன்னத்தில் ஒதுங்கியதை எடுத்துவிடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். ஒவ்வொரு வாய்க்கும் இருமினாலோ குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலோ ஊட்டுவதை நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். தொண்டை அடைத்துப் பேசவும் இருமவும் முடியாமல் திணறினால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே 108 ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.

15. மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பவர்கள், மூக்கின் ஓரத்தில் உள்ள அடையாளக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமல் நர்ஸை அழையுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். வடிகட்டிய உணவை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்கவிடுங்கள். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது.

16. யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. மேலே தூக்கினால் சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் கிருமி தொற்றும். முக்கால்வாசி நிறையும்முன் காலி செய்யுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக மட்டுமே துடைக்க வேண்டும். சிறுநீர் கலங்கியிருந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, சில மணி நேரமாக வராமல் அடிவயிறு உப்பினாலோ காத்திருக்காதீர்கள்.

17. சர்க்கரை நோயாளியின் பாதத்தை தினமும் பாருங்கள். விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். அங்கே கிரீம் தடவாதீர்கள். ஆணியையும் தடித்த நகத்தையும் பிளேடால் சீவாதீர்கள்.

18. மாத்திரைக்கு ஐந்து சரிபார்ப்பு: சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். குழாயில் கொடுக்க மாத்திரையைப் பொடிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.

19. அவசர அறிகுறிகளைத் தெரிந்துவையுங்கள். முகம் ஒருபக்கம் கோணுவது, தூக்கிய கை சரிவது, பேச்சுக் குழறுவது மூன்றும் பக்கவாதத்தின் அடையாளங்கள், ஒன்றிருந்தாலும் 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி. உங்கள் நோட்டு அதற்குப் பதில் சொல்லும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் சிலசமயம் காய்ச்சல் அடிக்காது. திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, தூங்கிக்கொண்டே இருப்பது, சாப்பாட்டை ஒதுக்குவதுதான் முதல் அறிகுறியாக இருக்கும்.

20. இதையே தொழிலாகப் படிக்க நினைப்பவர்களுக்கு: நர்சிங் அசிஸ்டென்ட் வேறு, நர்ஸ் வேறு. பதிவுபெற்ற நர்ஸாக ஜி.என்.எம். 3 ஆண்டு அல்லது பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு படிக்க வேண்டும். உதவியாளர் வேலைக்கு, ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சிலின் கீழ் வரும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்ட் போன்ற பயிற்சிகள் இருக்கின்றன. பணம் கட்டுமுன் சான்றிதழில் யார் கையெழுத்து என்றும், ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை வாரம் பயிற்சி என்றும் கேளுங்கள். "முடித்ததும் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம்" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள். வேலைக்குப் போன பிறகு ஊசி போடு, மருந்தளவை மாற்று, வெளிவந்த குழாயை உள்ளே தள்ளு என்று வீட்டார் சொன்னாலும் "இது என் வேலை இல்லை, நர்ஸைக் கூப்பிடலாம்" என்று மறுக்கத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும், பிசியோதெரபியும், வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். அவர்கள் வரும் நாளில் நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.